என் சகலைக்கு நான் போட்ட விலை

என் வாழ்நாளில் நான் பொறாமைப்பட்ட ஆட்களை வரிசையாக நிற்க வைத்தால் ஒரு தெரு நிறைந்துவிடும். அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவன் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எங்கள் மரக்கம்பெனியில் பாதிப் பங்குக்காரன். அவனோடு பழகிய யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நான் வேறு மாதிரி சொல்லப்போகிறேன். அவனைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்தானே.

பொறாமைப்படுவதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கட்டை தூக்கினேன், வண்டி இழுத்தேன், மரத்தூள் அள்ளினேன். பக்கத்து மில்காரன் புது ரம்பம் இறக்கியதைப் பார்த்து வயிறெரிந்துதான் சொந்த மில் போட்டேன். அவன் மில் இன்று இல்லை, என்னுடையது இருக்கிறது. வயிற்றெரிச்சல் இல்லாதவன் மாதச் சம்பளத்துக்குப் போகலாம், தொழிலுக்கு வரக்கூடாது.

சகலை தொழிலுக்கு வந்த கதையே வேறு. பிளைவுட் கடையில் விற்பனையாளனாக இருந்தான். சட்டை கசங்காது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், சீப்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டுதான் எழுந்திருப்பான். மில் ஆட்கள் அவன் முதுகுக்குப் பின்னால் 'சீப்பு' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரம்பம்'. ரம்பத்தால் பெரிய ஆளானவன் என்பதால் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் மனைவி வேறு காரணம் சொல்வாள்.

பெரிய பட்டை ரம்பம் வாங்கப் பணம் போதாமல் நான் தவித்த சமயத்தில், அவன் தன் மனையை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தான். அதனால் பாதிப் பங்கு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் மரத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? வந்த புதிதில் வாகைப் பலகையைத் தடவிப் பார்த்து, "நல்ல தேக்குதானேண்ணே?" என்று கேட்டான். அறுப்பு ஆள் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான், மற்ற ஆட்களும் சிரித்தார்கள். வேறு யாராவது என்றால் கூனிக் குறுகியிருப்பார்கள். இவன் அவர்களோடு சேர்ந்து அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தான். அன்று மாலைக்குள் மில் முழுக்க அவன் கைக்குள் போய்விட்டது. எனக்கு அவர்கள் பயப்பட ஆறு வருடம் பிடித்தது. அவனை அவர்களுக்குப் பிடித்துப்போக ஒரு சாயங்காலம் போதும் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

முன்னறை அவனுக்கு, உள்முற்றம் எனக்கு என்று ஆகிப்போனது. முன்னறையில் மின்விசிறி, நாற்காலிகள், கண்ணாடிக் கதவு. முற்றத்தில் வெயில், மரத்தூள், காது அடைக்கும் சத்தம். நான் கட்டையைத் தட்டிப் பார்ப்பேன், சுற்றளவு பிடிப்பேன், எதை எப்படி அறுத்தால் நடுமரத்து வைரம் வீணாகாது என்று கோடு போடுவேன். அவன் சிரிப்பான். மாதக் கடைசியில் இருவருக்கும் சரிபாதி. வாடிக்கையாளர்கள் என்னைத் தாண்டி நடந்து போய், "சின்ன முதலாளி இல்லையா?" என்று கேட்பார்கள். பெரிய முதலாளி பனியன் போட்டுக்கொண்டு எதிரேயே நிற்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பலகைகள் தயாரிக்கும் ஒரு பெரிய நிறுவனம் எங்கள் கம்பெனியை மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியது. விலை சொல்லுமுன் மதிப்புப் போட ஓர் அம்மாவை அனுப்பினார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். தலையில் மரத்தூள் விழுந்தும் முகம் சுளிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவளை எனக்குப் பிடித்திருந்தது.

முற்றத்து மூலையில் நான் பத்திரமாக வைத்திருந்த தேக்குக் கட்டைகளைக் காட்டினேன்.

"இது எவ்வளவு காலமா கிடக்குது, ஐயா?"

"கிடக்கலம்மா. இருக்குது. நல்ல ஆள் வந்தாத்தான் குடுப்பேன்."

"அப்ப வாங்க ஆள் வரலைன்னு எழுதிக்கிறேன்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சகலை பின்னால் நின்று இருமினான். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பல நாள் வந்து பார்த்த பிறகு, முன்னறையில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினாள். ஒரு கம்பெனிக்கு இரண்டு விதமாக விலை பார்க்கலாமாம். ஒன்று, நிலம், இயந்திரம், இருக்கும் மரம் எல்லாவற்றையும் இன்றைக்கு விற்றால் என்ன வரும் என்பது. கடனைக் கழித்து அதைப் பங்குகளுக்குப் பிரித்தால் ஒரு பங்கு இருநூற்று அறுபது ரூபாய். இன்னொன்று, இந்தத் தொழில் வருடா வருடம் சம்பாதித்துக் கொடுப்பதை வைத்துப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் ஒரு பங்கு நானூறு. அந்த நானூறுதான் அவர்கள் தர நினைக்கும் விலை.

"நடுவுல ஒரு நூத்தி நாப்பது வருதே. அது எந்த மரத்துல இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"அது மரத்துல இல்லைங்கய்யா. உங்க கம்பெனியோட நல்ல பேர்ல இருக்கு. வாடிக்கைக்காரங்க வேற இடத்துக்குப் போகாம இங்கேயே வர்றாங்க பாருங்க, அதுக்கான விலை."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நல்ல பெயர் என்றால் வேறு யாருடைய பெயர்? ஆனால் அவள் அடுத்ததாக ஒன்று சொன்னாள். இந்த விலை வேண்டுமென்றால் விற்ற பிறகும் மூன்று வருடம் சின்ன முதலாளி இதே நாற்காலியில் இருந்தாக வேண்டும். அது நிபந்தனை.

"அப்ப நான்?"

"நீங்க ஓய்வெடுத்துக்கலாம், ஐயா," என்றாள், ஏதோ எனக்குப் பரிசு கொடுப்பவள் மாதிரி.

மில் நான் போட்டது. மரம் நான் எடுத்தது. நூற்று நாற்பது மட்டும் சீப்பு வைத்திருப்பவனுக்கா?

விற்கவே முடியாது என்று சொல்லிவிட்டேன். சகலைக்கு விற்க ஆசை. "அண்ணே, நமக்கும் வயசாச்சு. நல்ல விலை வருது. வாங்கிட்டு நிம்மதியா இருப்போமே," என்றான். அவனுக்கென்ன, அவனை நாற்காலியோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அவனிடம் பாதி, என்னிடம் பாதி. ஒருவன் வேண்டாமென்றால் ஒன்றும் நகராது. நாங்கள் முறைத்துக்கொண்டதில் அக்காவும் தங்கையும்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். மர ஏலத்தில் ஒரு பெரிய கட்டையை இரண்டு கடைக்காரர்கள் சேர்ந்து எடுத்தால், பங்கு பிரிக்க எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருவன் கட்டையில் சாக்பீஸால் கோடு போடுவான். அங்கே அறுக்க வேண்டும். எந்தத் துண்டு வேண்டும் என்று மற்றவன் அதன்மேல் கால் வைப்பான். கோடு போட்டவன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கக்கூடாது. எந்தத் துண்டு தனக்கு வந்தாலும் சரி என்று தோன்றுகிற இடத்தில்தான் அவன் கோடு போட்டாக வேண்டும். ஏமாற்ற நினைத்தால் அவன் தலையிலேயே விடியும்.

"தம்பி, பங்குக்கு நான் ஒரு விலை சொல்றேன். அந்த விலைக்கு என் பங்கை நீ வாங்கிக்க. இல்லன்னா அதே விலைக்கு உன் பங்கை எனக்குக் குடு. எதுன்னு நீ முடிவு பண்ணு," என்றேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் திரும்ப வைத்தான். "கோடு நீங்களா போடுறீங்க?"

"நாந்தான்."

"அப்ப எனக்குக் கவலையில்லண்ணே. நீங்க கோடு போட்டா தப்பாது," என்றான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

வாக்குக் கொடுத்த பிறகுதான் எனக்கு வியர்த்தது. எனக்குக் கம்பெனி வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இருநூற்று அறுபது என்று சொன்னால் அவன் என்னை வாங்கி வெளியே அனுப்பிவிட்டு, மறுவாரமே நானூறுக்கு அந்த நிறுவனத்திடம் தள்ளிவிடுவான். பணம் அவனிடம் இல்லாவிட்டால் என்ன, அவர்களே முன்பணம் கொடுப்பார்கள். நானூறு என்று சொன்னால் அவன் தன் பங்கை என்னிடம் விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். கம்பெனி எனக்கு வரும்; நான் விலை கொடுத்து வாங்கிய சிரிப்பு அவனோடு தெருவில் நடந்து போகும். என் வாடகைக் கடைகள் இரண்டையும் விற்று, அவன் முகத்துக்கு நான் பணம் கட்ட வேண்டுமா? பொறாமையை வைத்துக்கொண்டு இருக்கலாம். அதற்கு ஒரு விலை போட்டுப் பார் என்றால் அது பெரிய கொடுமை.

"நடுவுல போட்டுட்டுப் போங்களேன். முன்னூத்தி முப்பது," என்றாள் என் மனைவி.

"கட்டைய நீளம் அளந்து நடுவுல கோடு போடறவன் மடையன். அடிமரம் பருத்திருக்கும், நுனி சிறுத்திருக்கும். நடுவுல போட்டா அடித்துண்டை எடுத்தவன் வீட்டுக்குப் போய்ச் சிரிப்பான்."

"எனக்கென்ன தெரியும். உங்களுக்கு அவர் சிரிச்சாலே ஆகாது, அதான் தெரியும்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரத்தில் சகலைக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. வரவில்லை. நான் பனியனை மாற்றிச் சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்த நூற்று நாற்பது இந்த நாற்காலியில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றுதான்.

முதலில் ஒரு கட்டடக் கான்ட்ராக்டர் வந்தார். "சின்னவர் எங்கே?"

"பல்வலி. என்ன வேணும், சொல்லுங்க."

"இருபது கதவு நிலைக்கு மரம். விலை கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க."

"பாத்துத்தான் போட்டிருக்கு."

"அவர் இருந்தா டீ வரும்," என்றார்.

"டீக்கடை எதிர்ல இருக்கு," என்றேன். உண்மைதானே? அவர் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போனார்.

அடுத்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர். வீடு கட்டுகிறாராம். வாசல் கதவுக்குத் தேக்கு வேண்டுமாம். சின்னவர் இல்லை என்றதும் அவரும் எழுந்தார். ஆனால் போகவில்லை.

"பரவாயில்ல, எனக்கு அவரைப் பாக்க வேண்டியதில்ல. உள்ளே ஒருத்தர் இருப்பாராமே, அவரைக் கூப்பிடுறீங்களா?"

"எந்த ஒருத்தர்?"

"போன தடவை சின்னவர் சொன்னாருங்க. 'எனக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது டீச்சர். உள்ளே என் அண்ணன் இருக்காரு. தட்டிப் பாத்தே உள்ளே ஓட்டையான்னு சொல்லிடுவாரு. அவரு கை வைக்காத மரத்தை நான் விக்க மாட்டேன்'னாரு. எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்வாராமே. அதை நம்பித்தான் எங்க ஸ்கூல்ல மூணு பேரு இங்கே வாங்கினோம்."

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "அது நாந்தான்," என்றேன்.

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? அவர் சொன்னதைக் கேட்டு நல்ல உசரமா ஒருத்தரை நெனச்சு வச்சிருந்தேன்."

அவருக்குக் கதவு மரம் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பழைய தேக்கிலிருந்துதான். அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார முடியாமல் முற்றத்துக்குப் போனேன்.

இதைக் கேட்டதும் எனக்குச் சகலைமேல் பாசம் பொங்கியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். இல்லை. இன்னும் எரிந்தது. இத்தனை காலம் என் கையை விற்றிருக்கிறான், பெயரை அவன் வாங்கிக்கொண்டிருக்கிறான். என்னைப் புகழ்ந்து புகழ்ந்தே எனக்கு முன்னால் போய்விட்டான். எனக்கு அது தோன்றவே இல்லையே! அவனைப் பற்றி நான் யாரிடமாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சாமர்த்தியம் எனக்கும் பிடிபட்டிருக்கும்.

ஆனால் கணக்கு மட்டும் தெளிந்துவிட்டது. அந்த நூற்று நாற்பதில் எனக்கும் பங்கிருக்கிறது. அவன் போனாலும் அத்தனையும் போகாது. என் கை இங்கேதான் இருக்கும். மதிப்புப் போட்ட அம்மா என்னைக் கழித்துவிட்டுக் கூட்டியிருக்கிறாள். அதே நேரம், நானூறு தருகிறேன் என்று வெளியே ஒருவன் நிற்கிறான். கட்டையின் பருமன் அந்தப் பக்கம்தான். கோட்டை அந்தப் பக்கமாகத் தள்ளித்தான் போட வேண்டும். முன்னூற்று முப்பது இல்லை. முன்னூற்றுத் தொண்ணூறு. ஏன் நானூறு இல்லை என்று கேட்காதீர்கள். அந்தப் பத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கன்னம் வீங்கியபடி அவன் வந்தான். முற்றத்தில் ஒரு கட்டையில் நான் குறுக்கே கோடு போட்டேன். கோட்டுக்கு ஒரு பக்கம் 'கம்பெனி' என்று எழுதினேன். இன்னொரு பக்கம் விலையை எழுதினேன். கம்பெனி மேல் கால் வைத்தால் அவன் வாங்குகிறான். விலைமேல் வைத்தால் விற்கிறான். அறுப்பு ஆளைச் சாட்சிக்கு நிறுத்தினேன். ரம்பத்தை நிறுத்தச் சொன்னேன். மில் ஓடுகிற பகலில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

அவன் எண்ணைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்தான். நான் வாயைத் திறக்கக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு அவன் காலைத் தூக்கினான். அந்தக் கால் கம்பெனி என்ற எழுத்துக்கு மேலே போய் ஒரு நொடி நின்றது. என் மில், என் முற்றம், நான் தூக்கிய அத்தனை கட்டையும் அந்தக் காலுக்குக் கீழே இருந்தன. பிறகு கால் நகர்ந்து விலையின் மேல் இறங்கியது.

"சரிண்ணே. நீங்களே வச்சுக்குங்க," என்றான்.

இனி நான் வாயைத் திறக்கலாம். "ஏன், அந்தப் பக்கம் போச்சே கால்?"

"முன்னூத்தி எழுபதுன்னு எழுதியிருந்தீங்கன்னா வாங்கியிருப்பேன். அவங்ககிட்டக் குடுத்துட்டு நிம்மதியா மூணு வருஷம் உக்காந்திருப்பேன். இந்த விலைக்கு வாங்கி வித்தா எனக்குப் பங்குக்கு நிக்கிறது பத்து. அந்தப் பத்துக்கு உங்களை வீட்டுல உக்கார வைக்கணுமா? அக்கா என்னைச் சும்மா விடுவாங்களா?" வீங்கிய கன்னத்தோடு சிரித்தான். அறுப்பு ஆளும் சிரித்தான்.

ஆக, நான் சரியான இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து போட்டாலும் அதைவிடச் சரியாக வந்திருக்காது. வாடகைக் கடைகளை விற்றுப் பணத்தைக் கொடுத்தேன். அந்த நிறுவனம் சின்ன முதலாளி இல்லாத கம்பெனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கான்ட்ராக்டர்கள் சிலர் வேறு இடம் போனார்கள். டீச்சர் மாதிரி ஆட்கள் வருகிறார்கள். கம்பெனி ஓடுகிறது, முழுசாக என்னுடையது. முன்னறையில் டீ கொடுக்கவும் ஏற்பாடு செய்துவிட்டேன்.

அவன் ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினான். மத்தியானம் படுத்தால் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறானாம். கொழுந்தியாள் இப்போது பேசுகிறாள். அவள் சொல்லித்தான் தெரியும். "அவர் மூஞ்சிய இப்பப் பாருங்க அத்தான், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு," என்றாள். எனக்குக் கம்பெனி கிடைத்தது. மத்தியானத் தூக்கம் அவனுக்குக் கிடைத்தது.

போன மாதம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"வாசக்கதவுக்கு மரம் வேணும்ண்ணே. நீங்களே எடுத்துக் குடுங்க."

"விலை குறைக்க மாட்டேன்," என்றேன்.

"யாரு கேட்டா?"

இருந்ததிலேயே நல்ல கட்டையாக எடுத்தேன். ஒரு முடிச்சு இல்லை, வெடிப்பு இல்லை, நல்ல வைரம் பாய்ந்த மரம். நானே நின்று அறுக்க வைத்தேன். முழு விலை சொன்னேன். பணத்தை எண்ணி வைத்துவிட்டு, மரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

கதவு மாட்டியாகிவிட்டது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்களாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.